40 டிகிரியைத் தொடாத நாளிலும் உடம்பு ஏன் தாங்குவதில்லை? சென்னைப் புழுக்கம்: ஒரு விளக்கம்

"இன்னிக்கு எவ்ளோ டிகிரி?" மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஜூன் பாதி வரை சென்னையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். செல்போனைப் பார்த்தால் 36 என்று காட்டும். "அவ்ளோதானா? வேலூர்ல 41-ஆமே, நாம தப்பிச்சோம்" என்று ஓர் ஆறுதல் வரும். ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கசகசப்பு போகாது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து தலையணையைத் திருப்பிப் போட்டாலும் தூக்கம் வராது.

செல்போன் பொய் சொல்லவில்லை, உடம்பும் பொய் சொல்லவில்லை. நாம் பார்க்கும் அந்த ஒரு எண், பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதை காற்றின் ஈரப்பதத்திலும், இரவின் வெப்பநிலையிலும் இருக்கிறது. கடலோர நகரத்தில் உயிரைப் பாதிப்பது பெரும்பாலும் அந்த மீதிக் கதைதான். அதை விளக்கமாகப் பார்ப்போம்.

'வெப்ப அலை' என்று எப்போது அறிவிப்பார்கள்?

வெயில் கொளுத்தினாலே வெப்ப அலை என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்திய வானிலை ஆய்வு மையத்துக்கு அதற்குக் கணக்கு உண்டு.

சமவெளிப் பகுதி என்றால், அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அத்துடன், அந்த நாளுக்கான இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இயல்பு எதுவாக இருந்தாலும், 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் அது வெப்ப அலைதான். கடலோரப் பகுதிக்கு வரம்பு 37 டிகிரி. இங்கும் இயல்பை விட 4.5 டிகிரி கூடுதல் என்ற நிபந்தனை உண்டு. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு இப்படிப் பதிவானால், இரண்டாம் நாள் வெப்ப அலை அறிவிக்கப்படும்.

37 டிகிரி என்றால் சுலபமாகத் தொட்டுவிடுமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். சென்னையில் மே மாதத்தின் இயல்பான உச்சமே சுமார் 37 டிகிரி. அதற்கு மேல் 4.5 கூட வேண்டும் என்றால், நடைமுறையில் 41, 42 டிகிரி வரை போனால்தான் சென்னைக்கு 'வெப்ப அலை' என்ற பெயர் கிடைக்கும். எச்சரிக்கை வராமலேயே, வாரக்கணக்கில் உடம்பை வாட்டும் வெயில் இங்கே சாத்தியம்.

2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் நடந்த விமானப் படை சாகச நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அது கத்திரி வெயில் காலமல்ல, அக்டோபர் மாதம். லட்சக்கணக்கானோர் திறந்த வெளியில் மணிக்கணக்கில் நின்றார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும் நெரிசலும் குடிநீர்த் தட்டுப்பாடும் அன்று பெரிதாகப் பேசப்பட்டன. உயிருக்கு ஆபத்து வர 40 டிகிரி தேவையில்லை.

புழுக்கம் உடம்பை என்ன செய்கிறது?

நம் உடம்பின் உள் வெப்பநிலை சுமார் 37 டிகிரி. அதை அப்படியே வைத்திருக்க உடம்பிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. அந்த வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் தோலில் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. வழிந்து தரையில் சொட்டும், சட்டையை நனைக்கும், ஆனால் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும் நஷ்டம், பலன் பூஜ்யம்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப்படும்படி வைத்து அளப்பது. வியர்த்த உடம்பு எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை இது ஏறக்குறைய காட்டிவிடும். ஓர் ஒப்பீடு:

- 42 டிகிரி வெப்பம், 20 சதவீத ஈரப்பதம்: ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி.
- 35 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம்: ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 29 டிகிரி.

முதலாவது வட இந்தியாவின் வறண்ட மதியம். இரண்டாவது சென்னையின் சாதாரண மாலை. செல்போனில் பார்த்தால் ஏழு டிகிரி 'குறைவு'. வியர்வையைக் கேட்டால் நிலைமை மோசம். (42 டிகிரி வெயிலும் ஆபத்தானதுதான். அங்கே உடம்பு வேகமாகத் தண்ணீரை இழக்கும்; ஆபத்தின் வடிவம் வேறு.)

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி என்பதுதான் மனித உடம்பின் எல்லை என்று நீண்ட நாள் சொல்லிவந்தார்கள். 2022-ல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே ஈரப்பதமான சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே உடம்பின் உள்வெப்பம் ஏறத் தொடங்கியது தெரியவந்தது. 38 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த 31 வந்துவிடும். வயதானவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

கடல் நமக்கு நண்பனா, எதிரியா?

இரண்டும்தான். காலையில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து காற்று உள்ளே வரும். இதுதான் கடற்காற்று. இது மதியத்துக்கு முன்பே வந்துவிட்டால் வெப்பநிலை ஏறுவது அங்கேயே நின்றுவிடும்.

மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாட்களில், கடற்காற்றால் உள்ளே நுழைய முடியாது. அன்றுதான் சென்னை 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரிதான் நகரத்தின் உச்ச அளவு.

கடற்காற்று வந்தால் டிகிரி குறையும், ஆனால் கூடவே ஈரமும் வரும். மெரினாவில் நிற்பவருக்கு அது காற்றோடு சேர்ந்து வருவதால் சுகம். ஆவடி, அம்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் காற்றின் வேகம் போய்விடும். நெருக்கமான தெருவில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள வீட்டுக்குள் காற்று வராது, ஈரம் மட்டும் வரும்.

ராத்திரியை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்?

பகலில் உடம்பைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக வேலை செய்கிறது. தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டும், அதற்கு வேகமாகத் துடிக்க வேண்டும். அந்த இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இரவு. இரவும் சூடாக இருந்தால் ஓய்வே இல்லை. அடுத்த நாள் பழைய களைப்போடுதான் தொடங்கும். இப்படி நாலைந்து நாள் சேர்ந்தால், 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு' என்று சொல்ல வைக்கும் மரணங்கள் வருகின்றன. வயதானவர்களின் இத்தகைய மரணங்கள் பல, மாரடைப்பு அல்லது சிறுநீரகச் செயலிழப்பு என்றே பதிவாகிவிடும். வெப்பத்தின் பெயர் அதில் இருக்காது.

சென்னையில் மே மாத இரவு சாதாரணமாகவே 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வங்கக் கடலும் அப்போது சூடாக இருக்கும். அதோடு கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை ராத்திரியில் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் இரவு 11 மணிக்குக் கூரையைத் தொட்டுப் பார்த்தால் புரியும். மரங்களும் ஏரிகளும் சதுப்பு நிலமும் இருந்த இடங்களில் கட்டடங்கள் வந்ததன் விலை இது. ஏசியின் வெளிப்பக்க யூனிட் கக்கும் அனல் ஏசி இல்லாதவர் வசிக்கும் பக்கத்துச் சந்துக்குத்தான் போகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வெயிலில் நிற்கும் கட்டடத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், டெலிவரி ஊழியர், நடைபாதை வியாபாரி ஆகியோரை உடனே சொல்லிவிடுவோம். கூரைக்குள் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மதியம் படுத்திருக்கும் பாட்டி, ஓட்டல் அடுப்படியில் நிற்பவர், இஸ்திரி வண்டிக்காரர், காற்றோட்டம் இல்லாத பட்டறையில் வேலை செய்பவர் எல்லோரும் வெயிலே படாமல் வெப்பத்தில் இருப்பவர்கள்தான்.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைவிட இரு மடங்கு என்பது அதன் முடிவு.

"தண்ணி நிறைய குடிங்க" என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். "குடிச்சா பாத்ரூம் போகணுமே, எங்க போறது?" என்பதுதான் வெளியில் வேலை செய்யும் பல பெண்களின் பதில். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தால் பிரச்சினை தீராது.

இன்னொரு பிரிவினர், வேலைக்குப் புதியவர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஊரிலிருந்து வந்த மறுநாளே வெயிலில் முழு நாள் வேலை வாங்குவது ஆபத்து. நீண்ட விடுப்பு முடிந்து திரும்புபவருக்கும் இது பொருந்தும். முதல் சில நாட்கள் குறைந்த நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே சரி.

ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளும், மனநலத்துக்கான சில மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் எது வேலை செய்யும், எது செய்யாது?

*ஏர் கூலர்:* தண்ணீரை ஆவியாக்கித்தான் இது குளிர்விக்கிறது. காற்று வறண்டிருந்தால் பிரமாதம். சென்னைப் புழுக்கத்தில், ஜன்னலை அடைத்துவிட்டு ஓடவிட்டால் அறையின் ஈரம்தான் கூடும். கட்டாயம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலில் ஈரத்துணி, வெட்டிவேர் தட்டி கட்டுவதும் இப்படித்தான். மேல்காற்று வறண்டு வீசும் நாளில் கட்டுங்கள், கசகசக்கும் மாலையில் எடுத்துவிடுங்கள்.

*ஃபேன்:* அறை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை உதவும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் அனலைத்தான் நம் மேல் வீசும். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனுக்கு முன் உட்கார்ந்தால் பலன் கூடும்.

*ஜன்னல்:* நாள் முழுக்கத் திறந்து வைப்பதும் தப்பு, நாள் முழுக்க மூடி வைப்பதும் தப்பு. அதிகாலையில் திறந்து, வெயில் ஏறும்போது வெயில் விழும் பக்கத்தை மூடி, கடற்காற்று வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கலாம். திரையை உள்ளே போடுவதைவிட, வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ நிழல் வலையோ கட்டுவது நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டும் முன்பே தடுக்கப்படும்.

*கூரை:* மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடிப்பது செலவு குறைந்த வழி. வீட்டுக்குள் சில டிகிரி வித்தியாசம் தெரியும்.

*ஏசி:* 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும், மின்கட்டணமும் குறையும். புழுக்கம்தான் தொல்லை என்றால் 'டிரை' மோடு ஈரத்தை இழுத்துவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சம் கண்டது. எல்லோரும் 18-ல் வைத்தால் சுமையும் கூடும், தெருவின் அனலும் கூடும்.

நிறுத்தி வைத்த காருக்குள் குழந்தையை விட்டுவிட்டு "ஒரு நிமிஷம்" என்று கடைக்குள் போகவே கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

என்ன குடிக்கலாம்?

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரின் நிறம் நல்ல அளவுகோல்; அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அதிகமாக வியர்ப்பவர் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பின் அளவு குறைந்துவிடும். உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், எலுமிச்சைச் சாறு எல்லாம் இதற்குத்தான். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் கேட்காமல் குடிக்கக் கூடாது. தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளும் அப்படியே.

ஒருவர் மயங்கி விழுந்தால்?

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழலுக்குப் போய், ஆடையைத் தளர்த்தி, உப்பு சேர்ந்த நீர் குடித்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, நினைவிழக்கிறார் என்றால் அது வெப்பத் தாக்குதல். உடம்பின் உள்வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கலாம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வேலை செய்துகொண்டே விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது:

1. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கும்.
2. நிழலில் கிடத்தி, மேல் ஆடையை அகற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுங்கள். விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.
3. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
4. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, மாத்திரையால் குறையாது.

அரசு என்ன செய்கிறது? நாம் என்ன கேட்கலாம்?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல அறிவிப்பு. ஆனால் இறப்புக்கான காரணமாக வெப்பம் எங்குமே பதிவாகாவிட்டால் அந்தக் குடும்பம் நிவாரணம் கேட்பது எப்படி? சந்தேகம் இருந்தால், மருத்துவமனையில் சேர்த்த அன்றே 'வெயிலில் எவ்வளவு நேரம் வேலை செய்தார், எங்கே விழுந்தார்' என்பதை மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. டெலிவரி ஊழியர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025-ல் ஏசி ஓய்வறை திறந்தது. ஒவ்வொன்றும் முக்கியம், ஆனால் நகரத்தின் அளவுக்கு இவை போதாது.

இந்த விஷயத்தில் அகமதாபாத் ஒரு முன்னுதாரணம். 2010 மே மாத வெப்ப அலையின்போது அங்கே வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நிகழ்ந்தன. அதன் பிறகு 2013-ல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்தை அந்த நகரம் கொண்டுவந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குத் தயார்நிலை, குடிநீர் என்று எளிய வேலைகள்தான். அவை உயிர்களைக் காத்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின.

சென்னைக்கு அதை அப்படியே நகலெடுக்க முடியாது. அகமதாபாத் வறண்ட ஊர், இது ஈரமான ஊர். இங்கே எச்சரிக்கை என்பது ஈரப்பதத்தையும் இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் வார்டு கவுன்சிலரிடமும் குடியிருப்போர் சங்கத்திலும் கேட்க வேண்டியவை தெளிவானவை: பஸ் நிறுத்தத்தில் நிழல், பெண்கள் பயன்படுத்தும்படியான கழிப்பறை, ஷீட் வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சு, இரவில் படுக்க ஒரு சமுதாயக் கூடம். மோர்ப் பந்தல் பகலோடு முடிந்துவிடுகிறது. ஆபத்து ராத்திரியிலும் தொடர்கிறதே!

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்?

செல்போனில் வானிலை பார்க்கும்போது உச்ச வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். ஈரப்பதத்தையும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து மூன்று வந்தால், உச்சம் 36 என்றே காட்டினாலும், அதை வெப்ப அலை மாதிரியே நடத்துங்கள். கனமான வேலையைக் காலை 10 மணிக்குள் முடியுங்கள். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த அறையை வயதானவருக்கும் குழந்தைக்கும் கொடுங்கள். படுக்கும் முன் குளியுங்கள்.

தெருவில் தனியாக இருக்கும் ஒரு முதியவர் நிச்சயம் உங்களுக்குத் தெரிந்திருப்பார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கதவைத் தட்டி, "பாட்டி, ராத்திரி தூங்குனீங்களா? தண்ணி குடிச்சீங்களா?" என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, உள்ளே போய்ப் பாருங்கள்.